இடம் மாறிய இரண்டு வரி

1.

இந்தக் கதை எனக்குத் தோன்றியது அல்ல, வந்து மாட்டியது. ஒரு நடிப்புப் பட்டறைக்குப் ‘பதிவு எழுத ஆள் வேண்டும்’ என்று கூப்பிட்டார்கள், போனேன். எட்டு நாள் அங்கேயே தங்கிப் பார்த்துவிட்டுப் பத்துப் பக்கத்தில் அறிக்கை தர வேண்டும். அறிக்கையை இன்னும் தரவில்லை. அதற்குப் பதிலாக இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். கேட்டவர்கள் இதையே அறிக்கையாக வைத்துக்கொள்ளலாம்.

பட்டறை நடந்தது ஒரு நாடக ஆசிரியரின் சொந்த ஊரில். அவர் இறந்து இரண்டு வருடம் ஆகிறது. அவருடைய வீட்டை ஓர் அறக்கட்டளை நினைவில்லமாக வைத்திருக்கிறது. பகலெல்லாம் அந்த வீட்டுக் கூடத்தில் பயிற்சி. தூக்கம், குளியல், சண்டை எல்லாம் எதிரே காலியாகக் கிடந்த மாணவர் விடுதியில். நடிக்க வந்தவர்கள் பதினோரு பேர். எட்டாம் நாள் மாலை, ஆசிரியரின் முதல் நாடகத்தின் கடைசிக் காட்சியை அந்தக் கூடத்திலேயே ஊர்க்காரர்களுக்கு நடித்துக் காட்ட வேண்டும். இவ்வளவுதான் திட்டம்.

மூன்று தொடக்கங்கள் எழுதிப் பார்த்தேன்.

(அ) “விடுதியில் ஆறு குழாய்கள் இருந்தன, ஒன்றில்தான் தண்ணீர் வந்தது.” இது புகார்க் கடிதம். கதைக்கு ஆகாது.

(ஆ) “மேடை என்பது வாழ்க்கையின்” — வேண்டாம். இந்த வாக்கியம் எங்கே போய் விழும் என்று உங்களுக்கே தெரியும்.

(இ) “நர்ஸ் பையைக் கீழே வைக்க மறுத்தார்.”

மூன்றாவது தேவலை. நடந்ததும் அதுதான்.

2.

நாடகத்தைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் உங்களுக்கு ஒன்றும் புரியாது. ஒரு வீடு, குரலாக மட்டும் வரும் மாமியார், மருமகள், வந்து போகும் அக்கம்பக்கத்தார். எந்நேரமும் எழுதிக்கொண்டே இருக்கும் கணவன், மூன்று காட்சியிலும் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பான். கடைசிக் காட்சியில் மருமகள் வாசற்கதவில் நிற்கிறாள். கையில் பை. புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் இப்படி இருக்கிறது:

மாமியார் குரல் (உள்ளிருந்து): எங்கே இருக்கே?
மருமகள்: வரேன்.
(விளக்கு அணைகிறது.)

அதாவது, உள்ளேயிருந்து கூப்பிடுகிறார்கள், அவள் ‘இதோ வருகிறேன்’ என்று திரும்பிவிடுகிறாள். போகவில்லை. நாற்பத்தொரு வருடமாக இந்த முடிவைக் கொண்டாடியிருக்கிறார்கள். ‘பொறுமையின் ஒற்றைச் சொல்’ என்று ஒரு விமர்சகர் பதினாறு பக்கம் எழுதியிருக்கிறார். பரிசெல்லாம் வந்தது.

மருமகளாக நடித்தவர் ஓர் அரசு மருத்துவமனை நர்ஸ். விடுப்பு எடுத்துக்கொண்டு வந்திருந்தார். பயிற்சியாளரை எல்லோரும் வாத்தியார் என்றோம். ஐம்பத்தைந்து வயது, மணிக்கட்டில் எப்போதும் ஒரு கைக்குட்டை. மூன்றாம் நாள், ‘வரேன்’ என்ற சொல்லைப் பதினைந்து விதமாகச் சொல்லச் சொன்னார். நர்ஸ் பதினைந்து தடவையும் ஒரே மாதிரி சொன்னார். ஷிப்ட் முடிந்து வீட்டுக்குக் கிளம்பும்போது நோயாளிகளிடம் தலையை ஆட்டிச் சொல்கிற ‘வரேன்’.

“அது கிளம்பறவங்க சொல்றதும்மா,” என்றார் வாத்தியார். “இவ கிளம்பல. உள்ள கூப்பிட்டதுக்குப் பதில் சொல்றா.”

“அப்ப கையில எதுக்கு சார் பை?”

“பை ஒரு குறியீடு.”

“சமையற்கட்டுக்குள்ள போறவ எதுக்குக் குறியீட்டத் தூக்கிட்டுப் போறா?”

கூடம் சிரித்தது. வாத்தியார் பையைக் கீழே வைத்துவிட்டு வசனம் சொல்லச் சொன்னார். நர்ஸ் மாட்டேன் என்றார். புத்தகத்தில் ‘கையில் பை’ என்றுதான் இருக்கிறது, ‘கீழே வைக்கிறாள்’ என்று இல்லை என்றார். எழுதியிருக்கிற மருந்தைத்தான் கொடுப்பாராம்.

[இடைக்குறிப்பு: நம் பேச்சில் வீட்டை விட்டுக் கிளம்புகிறவர் ‘போறேன்’ என்று சொல்வதில்லை. சொன்னால் யாராவது அதட்டுவார்கள். ‘வரேன்’ என்றுதான் சொல்ல வேண்டும். ஆக, போகிறவரும் வரேன், வருகிறவரும் வரேன். எழுதுகிறவனுக்கு இதைவிடத் தலைவலி பிடித்த சொல் கிடையாது. இந்தக் கதைக்கு இதைவிடத் தோதான சொல்லும் கிடையாது.]

3.

இந்த இடத்தில் ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன். முதல் பிரதியில் நர்ஸுக்கு ஒரு கொடுமைக்காரக் கணவனை எழுதி வைத்திருந்தேன். தினமும் போனில் கத்துவான். நாடகத்து மருமகளும் நிஜத்து நர்ஸும் ஒரே வாசலில் நிற்பார்கள். எழுதி முடித்ததும் எனக்கே என் மேல் மரியாதை வந்தது.

அந்தப் பக்கங்களை நர்ஸ் படித்துவிட்டார்.

“எங்க வீட்டுக்காரர் தங்கமானவருங்க. இந்த எட்டு நாளும் பசங்களுக்குத் தலை வாரி விட்டு ஸ்கூலுக்கு அனுப்பறதே அவர்தான். அவர எதுக்கு வம்புக்கு இழுக்கறீங்க?”

அடித்துவிட்டேன். இந்தக் கதையில் நர்ஸுக்குப் பிரச்சினை எதுவும் இல்லை. பிரச்சினை வேறு ஒருவருக்கு. அவர் இனிமேல்தான் வருகிறார்.

4.

நான்காம் நாள் காலையில் கடைசிக் காட்சியை ஜெராக்ஸ் எடுக்க நானும் நர்ஸும் போனோம். இரண்டு தெரு தள்ளி ஒரு கடை. ஓர் இயந்திரம், ஒரு மர மேசை, சுவரில் காலண்டர். கடைக்காரருக்கு அறுபது வயது. மூக்குக் கண்ணாடியைச் சங்கிலியில் கோத்துக் கழுத்தில் தொங்க விட்டிருந்தார். தெருவே அவரை ஜெராக்ஸ் அக்கா என்றுதான் கூப்பிடுகிறது. எந்தத் தாளைக் கொடுத்தாலும் கண்ணாடியில் கவிழ்க்கும் முன் ஒரு தடவை படித்துவிடுவார். எங்கள் கடைசிப் பக்கத்தைக் கவிழ்க்காமல் கையிலேயே வைத்துக்கொண்டார்.

“இதுல கடைசி ரெண்டு வரி இடம் மாறியிருக்கும்மா.”

“புத்தகத்துலயே அப்படித்தான் அக்கா இருக்கு.”

“தெரியும். புத்தகத்துல மாத்தினதே நான்தான்.”

ஜெராக்ஸ் அக்கா நாடக ஆசிரியரின் தங்கை.

[இடைக்குறிப்பு: ‘நம்பற மாதிரியா இருக்கு?’ என்பீர்கள். ஒருவரின் சொந்த ஊரில் அவருடைய தங்கை கடை வைத்திருப்பதில் என்ன அதிசயம்? எட்டு நாள் பட்டறையில் நான்காம் நாள் வரை ஒருவரும் அவரைத் தேடிப் போகவில்லை என்பதுதான் அதிசயம். நினைவில்லத்துச் சுவரில் ஆசிரியரின் பேனாவுக்குக் கண்ணாடிப் பெட்டி உண்டு. தங்கையின் படம்கூட இல்லை.]

பத்தொன்பது வயதில் அக்கா உள்ளூர் அச்சகத்தில் கம்போசிங் வேலை பார்த்தார். ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி வரியாக அடுக்குகிற வேலை. எழுத்துகள் கண்ணாடியில் தெரிவதுபோல் இடம் வலம் மாறித்தான் இருக்கும், அப்படியே படித்துப் பழக வேண்டும். அண்ணனின் முதல் நாடகம் அதே அச்சகத்துக்கு வந்தது. முழுவதையும் அடுக்கியது அக்காதான். அண்ணன் எழுதிக் கொடுத்த கடைசிப் பக்கம் இது:

மருமகள்: வரேன்.
மாமியார் குரல் (உள்ளிருந்து): எங்கே இருக்கே?
(விளக்கு அணைகிறது.)

சொல் ஒன்றுகூட மாறவில்லை, பாருங்கள். ஆனால் இதில் அவள் போய்விடுகிறாள். மாமியார் கூப்பிடும்போது வாசலில் ஆள் இல்லை.

“ரெண்டு வரியையும் தூக்கி மாத்தி வச்சேன்,” என்றார் அக்கா. “அரை நிமிஷ வேலை.”

“ஏன் அக்கா?”

“அம்மா படிப்பாங்களே, மனசு கஷ்டப்படுவாங்களேன்னு.” சொல்லிவிட்டு இயந்திரத்தின் மூடியைத் துடைத்தார். “அது பொய். நிஜத்துலயே எங்க அண்ணி அப்படித்தான் போனாங்க. கையில பை. என்னைப் பாத்து வரேன்னு சொன்னாங்க. சொல்லிட்டுப் போனா வரணும்ல? பதினோரு மாசம் பாத்தேன், வரல. எனக்கு அவங்க திரும்பி உள்ள வரணும்னு இருந்துச்சு. அச்சுலயாவது வரட்டுமேன்னு மாத்திட்டேன்.”

நர்ஸ் அங்கிருந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

5.

ஆசிரியர் கவனிக்கவில்லையா என்று கேட்பீர்கள். எழுதுகிறவர்கள் புரூஃப் பார்க்கிற லட்சணம் எனக்குத் தெரியும். முதல் பக்கத்தை முகத்தோடு வைத்துப் பார்ப்போம். கடைசிப் பக்கம் வருவதற்குள் காபிக்கு எழுந்து போய்விடுவோம். அதுதான் மனப்பாடமாயிற்றே என்ற திமிர். அவர் கவனித்தது முதல் மேடையேற்றத்தில்தான். அதற்குள் கைதட்டல் எழுந்துவிட்டது. வீட்டுக்கு வந்து தங்கையிடம், “நல்லா கம்போஸ் பண்ணியிருக்கே,” என்று மட்டும் சொன்னாராம். அது திட்டா பாராட்டா என்று அக்காவுக்கு இன்றுவரை தெரியாது. அடுத்தடுத்த பதிப்புகளிலும் அவர் திருத்தவில்லை. கைதட்டலைத் திருத்துவது யாருக்கும் சுலபமில்லை.

ஆனால் நாடகத்தை இன்னொருவரும் பார்த்தார். அண்ணி. வேறு ஊரில், வேறு வேலையில் இருந்தவர், கடைசி வரிசையில் உட்கார்ந்து பார்த்துவிட்டு அக்காவுக்கு ஒரே வரியில் கடிதம் போட்டார்: ‘உங்க அண்ணன் நாடகத்துலகூட என்னை வெளியே விடல.’

அதற்குப் பிறகு அவர் கணவரோடு பேசவே இல்லை. சாவுக்கும் வரவில்லை. அக்காவோடு மட்டும் மாதம் ஒரு தடவை போனில் பேசுவார்.

“அண்ணன் அவங்கள வெளிய விட்டுத்தான் எழுதிச்சு. கதவ மூடினது நான். இத சொல்லணும்னு நாற்பத்தொரு வருஷமா ஒவ்வொரு போன்லயும் தொண்டை வரைக்கும் வரும். அண்ணன் இருக்கும்போதே சொல்லியிருக்கணும். சொல்லியிருந்தா அண்ணன்கிட்ட ஒரு தடவையாவது பேசியிருப்பாங்க. இப்ப அதுவும் போச்சு.” கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “எட்டாம் நாள் அண்ணியை வரச்சொல்லியிருக்கேன். பிடிவாதமா மாட்டேன்னாங்க, எனக்காக வாங்கன்னு கெஞ்சினேன். நீங்க சரியான வரிசையில நடிச்சுக் காட்டினா போதும், அவங்களே புரிஞ்சுக்குவாங்க. எனக்கு வாயால சொல்ல வரல தம்பி.”

தம்பி என்றது என்னை. நான் ‘பாக்கலாம் அக்கா’ என்றேன். பாக்கலாம் என்றால் முடியாது என்று அர்த்தம் என்பது அவருக்கும் தெரியும்.

6.

வாத்தியாரிடம் சொன்னோம். அவரை வில்லனாக எழுதப் பார்த்தேன். கைக்குட்டையை உதறினார், கண்ணை உருட்டினார் என்றெல்லாம் எழுதி — அடித்துவிட்டேன். அவர் பொறுமையாகத்தான் கேட்டார்.

“கையெழுத்துப் பிரதி இருக்கா?”

இல்லை. அச்சகத்திலேயே அது அப்போதே கழிவுக் காகிதத்தோடு போய்விட்டது.

“நடிக்க அனுமதி கொடுத்து அறக்கட்டளை போட்ட லெட்டர பாத்தீங்கல்ல? ஒரு சொல்லக்கூடச் சேர்க்கவோ நீக்கவோ மாத்தவோ கூடாதுன்னு இருக்கு.”

“சொல்ல மாத்தல சார்,” என்றார் நர்ஸ். “வரிசையத்தான்.”

வாத்தியார் சிரித்துவிட்டார். பிறகு புத்தகத்தை மூடி வைத்தார்.

“இருபது வயசுல இந்த நாடகத்தப் பாத்தேன். அவ திரும்பி உள்ள போனா. எங்க அம்மாவும் அப்படித்தான், எவ்வளவு அடி வாங்கினாலும் எங்களுக்காக நின்னாங்க. மேடையில அவங்களையே பாத்த மாதிரி இருந்துச்சு. அதனாலதான் நான் இந்தத் தொழிலுக்கே வந்தேன். இப்ப வந்து அது அச்சுப்பிழைன்னா எப்படிம்மா?”

புத்தகத்தில் உள்ளபடியே நடக்கும் என்று முடிவாயிற்று.

இப்போது என் சங்கதி. பெண்கள் எல்லோருக்கும் வேறு பாத்திரங்கள் போய்விட்டதால் மாமியார் குரலுக்கு ஆள் இல்லை. என் குரல் போனில் பெண் குரல்போல் இருக்கும். வங்கியிலிருந்து கூப்பிடுகிறவர்கள்கூட ‘சொல்லுங்க மேடம்’ என்றுதான் தொடங்குவார்கள். எழுத வந்த என்னைச் சமையலறைக் கதவுக்குப் பின்னால் நிறுத்திவிட்டார்கள். எனக்கு ஒரே வசனம். எங்கே இருக்கே?

கவனித்தீர்களா? நான் முதலில் கூப்பிட்டால் அவள் நிற்பாள். தாமதித்தால் போய்விடுவாள். பதிவு எழுத வந்தவன் கையில் முடிவைக் கொடுத்துவிட்டார்கள். எத்தனையோ கதைகளுக்கு முடிவு எழுதியிருக்கிறேன், ஒருதடவைகூட அதை வாயால் சொல்ல வேண்டியிருந்ததில்லை.

7.

எட்டாம் நாள் மாலை ஆறு மணி. கூடத்தின் சன்னல்களுக்குப் போர்வை கட்டியிருந்தோம். நாற்பது நாற்காலி. கதவிடுக்கு வழியாக எனக்கு முன்வரிசை தெரிந்தது. ஜெராக்ஸ் அக்கா ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஒல்லியாக, நரைத்த தலையை ஒட்ட வெட்டிக்கொண்ட ஒரு பெண்மணி. மடியில் கைப்பையை இரண்டு கையாலும் பிடித்திருந்தார், இப்போதே எழுந்து போய்விடுவதற்குத் தயார் என்கிற மாதிரி. அண்ணி. நாற்பத்திரண்டு வருடத்துக்குப் பிறகு அந்தக் கூடத்துக்குள் வந்திருக்கிறார்.

காட்சி நடந்தது. எழுதிக்கொண்டே இருக்கும் கணவனாக, பட்டறைக்கு வந்திருந்த ஒரு வங்கிக் காசாளர் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். நர்ஸ் வாசற்கதவுக்குப் போனார். பையைத் தூக்கினார். எனக்கு அதுதான் சைகை. கூப்பிட வேண்டும்.

கூப்பிடவில்லை.

‘நான் ஒரு முடிவுக்கு வந்தேன்’ என்று எழுதினால் அது பொய். அக்காவுக்காக மௌனமாக இருந்தேன் என்று எழுத ஆசைதான். வாத்தியாரின் அம்மா ஞாபகம் வந்தது, அண்ணியின் கைப்பை கண்ணில் பட்டது, வாயைத் திறந்தேன், சத்தம் வரவில்லை. அவ்வளவுதான் நடந்தது.

நர்ஸ் காத்திருந்தார். மேடையில் காத்திருப்பது கொடுமை, நடிகர்களைக் கேளுங்கள். பிறகு கூடத்தைத் திரும்பிப் பார்த்தார். தினமும் வார்டில் செய்வதுபோல லேசாகத் தலையை ஆட்டினார்.

“வரேன்.”

கதவைத் திறந்துகொண்டு மூன்று படி இறங்கித் தெருவுக்குப் போய்விட்டார். திறந்த கதவு வழியாகத் தெரு தெரிந்தது. யாரோ சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார்கள்.

இப்போதாவது நான் பேச வேண்டும். அண்ணன் எழுதிய வரிசையில் இதுதான் என் இடம். ஆனால் போய்விட்டவளை எப்படிக் கூப்பிடுவது? ஒத்திகை பார்க்காத வசனம் அது. அப்போது முன்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது.

“எங்கே இருக்கே?”

ஜெராக்ஸ் அக்கா. நாற்காலியிலிருந்து எழாமல், வாசலைப் பார்த்தபடி சொன்னார். சத்தமாகக்கூட இல்லை. விளக்கைப் பார்த்துக்கொண்ட ஆள் என்ன செய்வதென்று தெரியாமல் அணைத்துவிட்டார்.

இருட்டில் அண்ணி அக்காவிடம் ஏதோ சொன்னார். ஒரே வரி. கதவுக்குப் பின்னால் இருந்த எனக்குக் குரல் கேட்டது, சொல் கேட்கவில்லை. காசாளரைக் கேட்டேன், சிரித்த மாதிரி இருந்தது என்றார். இரண்டாம் வரிசையில் இருந்தவர் அழுத மாதிரி இருந்தது என்றார். இந்த ஊரில் ஒருத்தர் காதையும் நம்ப முடியாது.

விளக்கு வந்தபோது இரண்டு நாற்காலியும் காலி. தெருவில், படிக்குக் கீழே, அக்காவும் அண்ணியும் நர்ஸும் நின்றிருந்தார்கள். நர்ஸ் பிறகு என்னிடம் சொன்னது இது: அண்ணி அவர் கையிலிருந்து பையை வாங்கித் தூக்கிப் பார்த்தாராம். உள்ளே பழைய செய்தித்தாள்தான்.

“இவ்வளவு லேசா இல்லம்மா அது,” என்றாராம்.

வாத்தியார் கதவோரம் வந்து என் பக்கத்தில் நின்றார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன்.

“ஏன் கூப்பிடல?”

“தொண்டை கட்டிக்கிச்சு சார்.”

கைக்குட்டையை மணிக்கட்டிலிருந்து அவிழ்த்து மறுபடியும் கட்டினார்.

“எங்க அம்மா கையில பை இருந்ததே இல்லப்பா,” என்றார். “அவங்களுக்குன்னு ஒரு பை இருந்ததே இல்ல.” உள்ளே போய் நாற்காலிகளை மடிக்க ஆரம்பித்தார்.

8.

கதையை இதுவரை எழுதி எடுத்துக்கொண்டு மறுபடியும் அந்த ஊருக்குப் போனேன். ஜெராக்ஸ் எடுக்க. வேறு கடையே இல்லையா என்று கேட்காதீர்கள்.

அக்கா நின்றபடியே முழுவதையும் படித்தார். நான்கு இடத்தில் ஒற்றுப்பிழையைச் சுழித்தார். தன்னைப் பற்றிய இடங்களில் முகம் மாறவில்லை. கடைசித் தாளுக்கு வந்தார். அதில் அண்ணி இருட்டில் சொன்ன வரிக்கு இரண்டு மாற்று எழுதி வைத்திருந்தேன்:

(அ) அண்ணி: இங்கதான் இருக்கேன்.
(ஆ) அண்ணி: நீயா மாத்தினே?

“ரெண்டும் இல்ல,” என்றார்.

“பின்ன என்ன அக்கா சொன்னாங்க?”

“அது நாடகத்துல இல்ல தம்பி.”

“கதையில வேணுமே. இல்லாட்டி ஒண்ணு பண்ணுங்க, நீங்களே ஒரு வரி போடுங்க. எதுவா இருந்தாலும் அப்படியே வச்சுக்கறேன்.”

அக்கா பேனாவை எடுத்தார். இரண்டு மாற்றையும் நேர்கோடு போட்டு அடித்தார். அதற்கு மேல் எழுதாமல் பேனாவை மூடினார்.

“எனக்கு வேண்டாம். அடுத்தவங்க வரியில ஒரு தடவை கை வச்சதே போதும். அண்ணன் இருந்தவரைக்கும் அதத் திருத்த முடியல, இனிமேலும் முடியாது. படிக்கறவங்க போட்டுக்கட்டும்.” தாளை என்னிடம் நீட்டியவர், திரும்ப வாங்கிப் பார்த்தார். பழைய தொழில் விடவில்லை. “ஒரே ஒரு வரிக்குத்தான் இடம் விடணும், சொல்லிட்டேன். ரெண்டு விட்டா இடம் மாறிடும்.”

விட்டிருக்கிறேன்.

அக்கா: எங்கே இருக்கே?
அண்ணி: